டெல்டாவில் எம்.பி.பி.எஸ்.: மாணவர் கைக்கு என்ன கிடைக்கிறது?

நீட் மதிப்பெண் வந்து கலந்தாய்வு தொடங்குவதற்குள் டெல்டா வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். சென்னை கிடைக்காவிட்டால் தஞ்சாவூரா, திருச்சியா? அதுவும் இல்லையென்றால் திருவாரூரா, நாகப்பட்டினமா? கட்-ஆஃப் என்ன, ஹாஸ்டல் எப்படி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வர பஸ் இருக்கிறதா என்று எல்லாம் அலசுவார்கள். பயிற்சி எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அதைப் பற்றி மட்டுமே. ஐந்தரை ஆண்டு முடித்த பிள்ளை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நின்றால், கை நடுங்காமல் என்னென்ன செய்யும்? அந்த ஒரு அளவுகோலை வைத்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் தொடங்கியது. திருவாரூர் 2010-இல் வந்தது. நாகப்பட்டினத்துக்காக ஒரத்தூரில் கட்டிய கல்லூரி, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் கல்லூரி இருக்கிறது. இவை எல்லாமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகக் கேள்வித்தாளும் ஒன்று. தியரியில் 75 விழுக்காடு, செய்முறையில் 80 விழுக்காடு வருகை வேண்டும் என்ற கணக்கும் எங்கும் மாறாது. முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் தாண்ட வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி உள்ள வித்தியாசம் வகுப்பறையில் இல்லை. வார்டில் இருக்கிறது.

அந்த வகையில் தஞ்சாவூரின் பெரிய பலம் அதன் இரண்டு ஆஸ்பத்திரிகள். மருத்துவக்கல்லூரிச் சாலையில் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனை ஒன்று. அங்கே சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் 2019-இல் திறக்கப்பட்டது. நகரின் நடுவே, வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இருக்கும் இராசா மிராசுதார் மருத்துவமனை இன்னொன்று. பிரசவமும் குழந்தை மருத்துவமும் அங்கேதான். திருவாரூர், நாகை, புதுக்கோட்டை, அரியலூர் பக்கமிருந்து 'மேல் சிகிச்சைக்கு' என்று எழுதி அனுப்பும் கேஸ்கள் பல இங்கே வந்து சேர்கின்றன. கஷ்டமான நோய்களைப் பார்க்க மாணவர் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு வளாகம் என்பதால் அலைச்சல் உண்டு. பிரசவ வார்டு போஸ்டிங்கில் இருக்கும் மாணவர் மதிய வகுப்புக்குக் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். பஸ்ஸை நம்பியிருந்தால் சாப்பாட்டு நேரம் பாதையிலேயே போய்விடும். இதைக் குறை என்று பெரிதாக்க வேண்டியதில்லை, தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

முதலாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். எந்தக் கல்லூரியிலும் இதே மூன்று. டிஸெக்‌ஷன் ஹாலில் ஒரு உடலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். பத்துப் பேர் நின்றால் எல்லோரும் கத்தி பிடிப்பார்கள். இருபத்தைந்து பேர் நின்றால் நான்கு பேர் அறுப்பார்கள், மற்றவர்கள் ஃபார்மலின் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அட்லஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்குளுக்குள் இருக்கும் நரம்புப் பின்னலைத் தன் விரலால் பிரித்தெடுத்தவருக்கு அது மறக்காது. படத்தில் மட்டும் பார்த்தவர் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுவார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் ஆங்கிலம்தான் சுவர்போல் நிற்கும். அந்தச் சுவர் உடையும் வரை சீனியர் யாராவது மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும், பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள். அப்படிச் செய்யும் வழக்கம் அந்த ஹாஸ்டலில் இருக்கிறதா என்பது, பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

வார்டுக்குள் காலை வைத்ததும் நிலைமை தலைகீழாகும். இப்போது தமிழ் தெரிந்தவர் ராஜா. அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் 15 விழுக்காட்டு மாணவருக்கு அறிமுக வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் தமிழ், 'எத்தனை நாளா காய்ச்சல்?' வரைக்கும்தான் உதவும். நோயாளி பேசும் தமிழ் வேறு. 'நெஞ்சைக் கரிக்குது' என்றால் ஒன்று, 'நெஞ்சை அடைக்குது' என்றால் இன்னொன்று. 'வாய்வு பிடிச்சிருக்கு' என்று தோளைத் தொட்டுக் காட்டும் அறுபது வயதுக்காரருக்கு மாரடைப்பாக இருக்கலாம். முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. 'கிறுகிறுப்பு', 'மயக்கம்', 'படபடப்பு' மூன்றையும் ஒரே சொல்லாக கேஸ் ஷீட்டில் எழுதும் மாணவர் மூன்று நோய்களை ஒன்றாக்கிவிடுகிறார்.

இதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சொல் இருக்கிறது: பூச்சி. இருட்டிய பிறகு பாம்பு என்ற சொல்லை வாயில் எடுக்காத பழக்கம் கிராமங்களில் இன்னும் உண்டு. வரப்பில் போனவரைப் 'பூச்சி தொட்டுடுச்சு' என்றுதான் அழைத்து வருவார்கள். புதிதாக வந்த மாணவர் அதைப் பூச்சிக்கடி என்று எழுதி, அலர்ஜிக்கு ஊசி போட்டு உட்கார வைத்தால், போன அரை மணி நேரம் திரும்பி வராது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. கேஷுவாலிட்டியில், அதாவது அவசரப் பிரிவில், பழைய ஸ்டாஃப் நர்ஸ் சொல்லித்தான் தெரியவரும். டெல்டாப் பயிற்சியின் மதிப்பு இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

பாம்புக்கடி சிகிச்சையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஒரு கல்லூரி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று இதை வைத்தே எடை போட்டுவிடலாம். குறுவை, சம்பா நடவிலும் அறுவடையிலும் கை, கால் வயலிலேயே இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கும் 20 நிமிடச் சோதனைக்கு லேப் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, சிரையிலிருந்து எடுத்த புது ரத்தம் 2 மில்லி, ஒரு கடிகாரம். ரத்தத்தைக் குழாயில் விட்டு, நேராக நிறுத்தி, 20 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர்போல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே தொடங்க வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனை அடிக்கடி தப்பாகப் போவதற்குக் காரணங்கள் உண்டு. கண்ணாடிக் குழாய் கிடைக்கவில்லை என்று பிளாஸ்டிக் குழாயில் விடுவார்கள், அல்லது சிரிஞ்சிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் நேரத்துக்கு உறையாமல் நிற்கும். விஷமே ஏறாதவருக்கு விஷமுறிவு மருந்து போய்விடும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் இதே வேலையைத்தான் செய்யும். அடுத்தது பொறுமை. பத்தாவது நிமிடத்தில் ஆர்வம் தாங்காமல் எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டது. குழாயில் நேரம் எழுதி ஒட்டாவிட்டால், நெரிசலில் அது இருபது நிமிடமா நாற்பது நிமிடமா என்றே தெரியாது. முதல் சோதனையில் உறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. முதல் மூன்று மணி நேரம் மணிக்கொருமுறை, அப்புறம் 24 மணி நேரம் வரை ஆறு மணிக்கொருமுறை பார்க்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து தொடங்குவது 10 வயல், அதாவது பத்துச் சின்னக் குப்பி. தூளாக வருவதை ஒவ்வொன்றிலும் 10 மில்லி மலட்டு நீர் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைத்து, சலைனில் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை. பக்கத்தில் அட்ரினலின் ஊசி எடுத்துத் தயாராக இருக்க வேண்டும், பெரியவருக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில். உடம்பு அரிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அதைப் போட வேண்டும். அடுத்த ரத்தச் சோதனை ஆறு மணி நேரம் கழித்துதான். கல்லீரல் உறைவுப் பொருள்களை மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். இது புரியாமல் இரண்டு மணி நேரத்திலேயே சோதனை செய்து, 'இன்னும் உறையவில்லை' என்று மேலும் பத்து வயல் ஏற்றுவது வழக்கமான பிழை. கடிபட்ட இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு வருபவரின் கட்டையும் வந்தவுடன் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. முதலில் ஊசி வழி போட்டு, எல்லாம் தயாரான பிறகே மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடமே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் 'வயித்து வலி, தொண்டை அடைக்குது' என்று வருவார். இமை தானாக மூடுகிறதா என்று பார்க்கத் தெரியாதவர், வயிற்று வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நல்ல பாம்பின் நரம்பு விஷத்துக்கு நியோஸ்டிக்மின் கைகொடுக்கும், அட்ரோபினோடு சேர்த்துப் போடுவார்கள். கட்டுவிரியனுக்கு அது பெரும்பாலும் எடுபடாது. மூச்சுக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். நாள் கணக்கில் காத்திருந்து அவர் எழுந்து உட்காருவதைப் பார்த்த மாணவருக்கு, மூச்சைத் தாங்கிப் பிடிப்பதன் அருமையை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது விஷம் குடித்து வருபவர்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும் மண்ணில் இது ஓயாமல் வரும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் கண்மணி கடுகாகச் சுருங்கும், வாயில் நுரை, மார்பில் கரகரப்பு. துணியை முழுக்கக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவதே முதல் சிகிச்சை. அதை வார்டு ஊழியர் வேலை என்று ஒதுங்கி நிற்கும் மாணவர் அங்கேயே பாதிப் பாடத்தை இழக்கிறார். இதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் நம்மூரில் பெரும்பாலும் 0.6 மி.கி. ஆம்பூலாக வரும். மூன்றிலிருந்து ஐந்து ஆம்பூலில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கொருமுறை அளவை இரட்டிப்பாக்கிப் போக வேண்டும். மேசை முழுக்க உடைந்த ஆம்பூல் கிடக்கும். எங்கே நிறுத்துவது? மார்பில் கரகரப்பு அடங்க வேண்டும், நாடித் துடிப்பு 80-க்கு மேல் வேண்டும், ரத்த அழுத்தம் விழாமல் நிற்க வேண்டும், அக்குள் காய வேண்டும். கண்மணியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் கூடவோ குறையவோ போட்டுவிடுவார். கூடிப்போனால் நோயாளி பிதற்றுவார், காய்ச்சல் ஏறும், சிறுநீர் கட்டும்.

இரண்டாம், மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 'தலையணையிலேர்ந்து தலையத் தூக்குங்க அய்யா' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் கழுத்துத் தசை விட்டுப்போகிறது என்று பொருள். அடுத்து மூச்சு நின்றுபோகலாம். கருவி இல்லை, செலவு இல்லை, பத்து விநாடி வேலை. இதை ஒவ்வொரு கட்டிலிலும் செய்ய வைக்கும் ஆசிரியர் இருக்கும் யூனிட்டில் போஸ்டிங் கிடைத்தால் அது கொடுப்பினை.

எலி பேஸ்ட் சாப்பிட்டு வருபவர் முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், 'வீட்டுக்குப் போறேன்' என்பார். சொந்தக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகத் துடிப்பார்கள். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான். அரளி விதையை அரைத்துக் குடித்தவருக்கு நாடி மெல்ல விழும், திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நகரத்துத் தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம் என்கிற கேஸ்கள் இவை. அந்த வகையில் டெல்டா ஆஸ்பத்திரிகளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறோம்.

பிரசவ வார்டுக்கும் அப்படித்தான். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும், கொடியை நிதானமாக இழுக்க வேண்டும், கருப்பை கெட்டியாகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எழுத்தில் நாலு வரி. கருப்பை பஞ்சாகத் தளர்ந்திருப்பதும் பந்தாக இறுகுவதும் கைக்குத்தான் தெரியும். நனைந்த துணியையும் தட்டில் தேங்கியதையும் பார்த்து அரை லிட்டர் ரத்தம் போயிருக்கிறதா என்று கணிப்பதும் அப்படியே. புதியவர்கள் எப்போதும் குறைவாகவே கணிப்பார்கள்.

இனி குறைகளுக்கு வருவோம். இவை எந்த ஒரு கல்லூரியின் குறையும் அல்ல. பயிற்சித் திட்டம் காகிதத்தில் ஒன்றாகவும் வார்டில் வேறாகவும் நடப்பதால் எங்கும் வருபவை.

2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் திறனை மையமாக வைத்தது. ஆசிரியர் செய்துகாட்டுவது, மாணவர் பார்ப்பது, உதவுவது, கடைசியில் தானே செய்வது என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொன்றும் லாக் புக் என்ற பயிற்சிப் பதிவேட்டில் ஏறி, ஆசிரியர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கருத்து மிக நல்ல கருத்து. நடைமுறையில் என்ன ஆகிறது? தேர்வுக்கு முந்தைய வாரம் லாக் புக் மொத்தமாக மேசைக்கு வருகிறது, ஒரே பேனாவில் நாற்பது கையெழுத்து விழுகிறது. 'தானே செய்தார்' என்று எழுதியிருக்கும் வரிகளில் பாதி, 'தூரத்திலிருந்து பார்த்தார்' என்பதுதான் உண்மை. 150 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால் வேறு எப்படி நடக்கும்? சிறுநீர்க் குழாய் போடுவதை ஒரு நோயாளியிடம் ஒருவர்தான் செய்ய முடியும். மற்றவருக்கு மேனிகின் என்ற பயிற்சிப் பொம்மைதான் கதி.

ஸ்கில் லேபும் அதற்காகத்தான் இருக்கிறது. பொம்மையின் மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று அழுத்திப் பழக வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே எழ விட வேண்டும். களைத்தவர் உடம்புப் பாரத்தை அதன் மேலேயே சாய்த்து வைத்துவிடுவார். அப்போது இதயத்துக்குள் ரத்தம் திரும்பாது. ஊசி பழகும் ரப்பர் கையில் குத்திக் குத்தி ஒரே இடம் சல்லடையாகிவிடும். அதன் பிறகு ஓட்டையைத் தேடி ஊசியை விட்டாலே 'ரத்தம்' வரும், யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தோல் உறையும் உள்ளே இருக்கும் குழாயும் மாற்றக்கூடிய பாகங்கள்தான். மாற்றுகிறார்களா, லேப் பூட்டிய நேரத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்று சீனியர்களிடம் கேளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் திறக்கும் லேப் லேபே அல்ல.

மாணவருக்கு உண்மையில் கை பழகுவது ஹவுஸ் சர்ஜன் ஆண்டில், அதாவது படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி மருத்துவர் ஆண்டில். 52 வாரத்தில் சமூக மருத்துவத்துக்கு 12, மகப்பேறுக்கு 7, பொது மருத்துவத்துக்கு 6, அறுவை சிகிச்சைக்கு 6, குழந்தை மருத்துவத்துக்கு 3, அவசர சிகிச்சைக்கு 2, மயக்கவியலும் தீவிர சிகிச்சையும் சேர்த்து 2 என்று பிரித்திருக்கிறார்கள். மிச்சம் மற்றத் துறைகளுக்கும் விருப்பப் போஸ்டிங்குக்கும். பாம்புக்கடியும் பூச்சி மருந்தும் இவ்வளவு வரும் மண்ணில் அவசர சிகிச்சைக்கு வெறும் 2 வாரம் என்பது போதவே போதாது. விருப்பத்துக்கு விட்டிருக்கும் 4 வாரத்தில் முடிந்தவரை கேஷுவாலிட்டியையும் ஐ.சி.யூ.வையும் கேட்டு வாங்கிக்கொள்வதே புத்தி. முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று லேசான துறையாகப் பார்த்து எடுப்பவர்கள், கை பழகக் கிடைத்த கடைசி வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆண்டின் பெரும்பகுதி ரத்தம் எடுப்பதிலும் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதிலும் போகிறது என்ற குறை எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் கேட்பதுதான். நியாயமான குறை. ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ரிப்போர்ட் வாங்கவும் மருத்துவர் தேவையில்லை, அதற்கு ஆள் போட வேண்டும். ஆனால் ரத்தம் எடுப்பது கூலி வேலை அல்ல. தப்பாக எடுத்த ரத்தம் தப்பான சிகிச்சையில் கொண்டுபோய் விடும். ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கும் பட்டைக் கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீல மூடிக் குழாயில் 2.7 மில்லி கோடு என்றால் கோடு வரை கட்டாயம் நிரப்ப வேண்டும்; உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு, குறைந்தால் உறையும் நேரம் பொய்யாக நீளும். நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல் என்ற வரிசையை மாற்றக் கூடாது. ஊதா மூடியில் பொட்டாசியம் கலந்த ஈடிடிஏ என்ற உறைவுத் தடுப்பான் இருக்கிறது. அதில் விட்ட ரத்தத்தில் கொஞ்சத்தைச் சிவப்புக் குழாய்க்கு மாற்றிவிட்டால் பொட்டாசியம் ஆளைக் கொல்லும் அளவுக்குக் காட்டும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். சிரிஞ்சில் எடுத்ததை ஊசியோடேயே மூடியில் குத்தி வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து, அப்போதும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். இதை ஒரு முறை லேபில் உட்கார வைத்துக் காட்டினால் போதும். காட்டும் கல்லூரிகள் குறைவு.

தஞ்சாவூருக்கும் புதிய கல்லூரிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடும் இங்கேதான் வருகிறது. பழைய கல்லூரியில் முதுநிலை மாணவர் அதிகம். நல்ல பி.ஜி. ஒருவர் வாய்த்தால் இரவு டூட்டியிலேயே பாதி மருத்துவம் கற்றுக்கொள்ளலாம். அதே சமயம், மூச்சுக் குழாய் போடுவது, மார்பில் நீர் எடுப்பது எல்லாம் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். புதிய கல்லூரிகளில் பி.ஜி. குறைவு என்பதால் ஹவுஸ் சர்ஜன் கைக்கே வேலை நேராக வருகிறது. பிரசவம், தையல், எலும்புக் கட்டு இவற்றில் அவர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். கேஸ் சிக்கலானால் ஆம்புலன்ஸில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுவதால் அதன் முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமலே போகிறது. அது பெரிய இழப்பு. அனுப்பிய கேஸை மறுநாள் போனில் விசாரித்து, கேஸ் ஷீட் நகலில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் துறைத் தலைவர்கள் உண்டாக்கினால் பாதி ஈடாகிவிடும்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்றை 2021-22 சேர்க்கையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பலர் இதை ரத்த அழுத்தம் எழுதி போட்டோ எடுக்கும் வேலையாக முடித்துவிடுகிறார்கள். டெல்டாவில் இதைச் சரியாகச் செய்தால் பலன் வேறு. யார் தரையில் படுக்கிறார்கள், பூச்சி மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள், மாட்டுத் தொழுவத்தில் வெறுங்காலோடு சாணி அள்ளுபவர் காலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதலாம். கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் கடி பெருமளவு தவிரும். மழைக்காலத்தில் சேற்றில் நிற்பவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுத் திண்ணையிலேயே புரிந்துவிடும். பழைய யானைக்கால் நோயாளி இருக்கும் வீட்டில், காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உயர்த்தி வைத்துப் படுக்கக் கற்றுக்கொடுத்தால் அவருக்குத் திரும்பத் திரும்ப வரும் நெறிக்காய்ச்சல் குறையும். மருந்தை விட இது பெரிய உதவி.

ஆக, யாருக்கு எது? சிக்கலான நோயைப் பார்க்க வேண்டும், பின்னால் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர் தஞ்சாவூரை மேலே வைக்கலாம். கூட்டத்தில் முன்னால் நின்று கேட்டு வாங்கும் சுபாவம் வேண்டும், பின்வரிசையில் நிற்பவரை யாரும் கூப்பிட்டுக் கற்றுத்தரப்போவதில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்குத் திருவாரூர் தாழ்வே அல்ல. அங்கே வகுப்பு சிறியது. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாகப்பட்டினம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கல்லூரி. சேருமுன் எந்தெந்தத் துறையில் பேராசிரியர்கள் முழுமையாக இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, நேரில் போய்ப் பாருங்கள். முகப்புக் கட்டடத்தையும் ஆடிட்டோரியத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மெஸ்ஸில் சாப்பிடும் ஹவுஸ் சர்ஜன்கள் இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நீங்களே தனியாக எத்தனை பிரசவம் பார்த்தீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்? பாம்புக்கடி வந்தால் கண்ணாடிக் குழாய் எந்த அலமாரியில் இருக்கும்? மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் வந்தால், பிள்ளையை நம்பி அங்கே சேர்க்கலாம்.